நெஞ்சைச் சுற்றிப் போகும் குரல்

பழங்காநத்தம்
12 மார்ச் 2025, புதன்

அண்ணே,

லெட்டர் எழுதி எனக்குப் பழக்கமில்ல. பள்ளிக்கூடத்துல லீவு லெட்டர் எழுதுனதோட சரி. போன் பண்ணுனா ஸ்விட்ச் ஆஃப். மெசேஜ் போட்டா ஒத்த டிக்கோட நிக்குது. போனையும் சேத்துத் தவக்காலத்துக்கு ஒறுத்துட்டியாமே. அதான் போஸ்டாபீஸ்ல போயி கவர் வாங்குனேன். கவுண்டர்ல இருந்தவரு என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு, "யாருக்கும்மா, மிலிட்டரிக்கா?"ன்னு கேட்டாரு. "எங்கண்ணனுக்கு சார், டி. கல்லுப்பட்டில வாத்தியாரு"ன்னேன். "அதுக்கு பஸ் ஏறிப் போயிறலாமே தாயி"ங்கிறாரு. போகலாம். வந்தா சண்டை வரும். நீ பேச மாட்ட. நான் மட்டும் எப்பிடிச் சண்டை போட?

விஷயத்துக்கு வாரேன். நேத்து பைபாஸ் ரோட்டுல ஒரு வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போனேன். பாத்தா உங்க கல்லுப்பட்டி கோயில் விக்டோரியா அத்தை! மக வீட்டுக்கு வந்திருக்காம். அது கையில ஊசியக் குத்தி ட்யூப மாட்டிக்கிட்டு இருக்கேன், அதுபாட்டுக்கு ஆரம்பிச்சிருச்சு. "உங்கண்ணன் உனக்காக வாயக் கட்டிட்டாரும்மா. தவக்காலம் தொடங்குன விபூதிப் புதன்ல இருந்து ஒரு வார்த்தை கெடையாது. நீ காலேஜுக்குத் திரும்பிப் போகணும்னு மௌன ஒறுத்தல். பங்குச் சனமே கண்ணீர் விடுது. நீ என்னடான்னா ஐஸ் பெட்டிய வண்டியில கட்டிக்கிட்டு வீடு வீடாத் திரியிற." ஊசி என் கையில இருக்குங்கிற பயமே இல்ல அந்தப் பொம்பளைக்கு.

ஏண்ணே, உனக்கு வேற வழியே தெரியலையா? இன்ஜினியரிங்க விட்டேன். விட்டது விட்டதுதான். அந்த நாலு செவுத்துக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது. இந்த லேப் வேலையில ஊரச் சுத்துறேன், மனுசங்களப் பாக்குறேன், சம்பளம் வாங்குறேன். உனக்குப் பிடிக்கலையா, திட்டு. போன தடவ மாதிரி ரோட்டுல நின்னு கத்து. ஆனா வாயப் பொத்திக்கிட்டு சாமிகிட்ட என்னைய மாட்டி விடாத. இதுக்குப் பேரு ஒறுத்தல் இல்ல, மிரட்டல்.

ஈஸ்டர் ராத்திரி கோயில்ல பாஸ்கா புகழுரை பாடத்தான் வாயத் திறப்பியாம். பாடு. எனக்கு ஒண்ணும் இல்ல.

ஜாய்ஸ்


டி. கல்லுப்பட்டி
15 மார்ச் 2025

மரியே வாழ்க.

அன்புள்ள ஜாய்ஸ்,

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் கொடுக்கும்போதே, "தங்கச்சி திருந்திருச்சா சார்?" என்று கேட்டார். ஆக, ஊருக்கே தெரிந்திருக்கிறது. அதில் எனக்கும் சங்கடம்தான்.

நான் உன்னை மிரட்டவில்லை. விக்டோரியா அத்தை சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. ஒவ்வொருவருக்கும் தவக்காலத்தில் ஒரு காரணம் இருக்கும். என் காரணம் என்னோடு இருக்கட்டும்.

பள்ளிக்கூடம் நடக்கிறது. எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வழக்கத்தைவிட அமைதியாக இருக்கிறார்கள். வாத்தியார் பேசாமல் இருந்தால் என்ன செய்யப் போகிறார் என்று தெரியாத பயம். தமிழ்வாணி டீச்சர் எனக்காகச் செய்யுளை வாசித்துக் காட்டுகிறார். மாடி ஏறினால்தான் கொஞ்சம் இளைக்கிறது. சுண்ணாம்புத் தூசி.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜூனில் கல்லூரி திறக்கும்போது போய்ச் சேர். இன்ஜினியரிங் வேண்டாம் என்றால் வேறு ஏதாவது படி. ஆனால் இந்த வருடமே சேர். அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லாதே. உனக்கென்று ஒரு பட்டம் கையில் இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன்.

வண்டியில் ஹெல்மெட் போடுகிறாயா?

அண்ணன்,
ஆல்பின்


பழங்காநத்தம்
18 மார்ச் 2025

அண்ணே,

போடுறேன் ஹெல்மெட். அது ஒண்ணுதான் உன் லெட்டர்ல உருப்படியான கேள்வி.

"இந்த வருடமே சேர்." ஏன், அடுத்த வருசம் காலேஜ எல்லாம் இடிக்கப் போறாங்களா? நீ எப்பவும் "பொறுமையா யோசி"ன்னுதான சொல்லுவ. எனக்குக் காது குத்துறதுக்கே ஒரு வருசம் யோசிச்ச ஆளு நீ. இப்ப என்ன இம்புட்டு அவசரம்? எங்கிட்டோ இடிக்குது.

உன் காரணம் உன்னோட இருக்காது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வாரேன். பேச வைக்கிறேனா இல்லையா பாரு.

ஜாய்ஸ்


பழங்காநத்தம்
24 மார்ச் 2025, திங்கள்

அண்ணே,

நேத்து நான் வேணும்னேதான் பண்ணுனேன்.

தவக்காலத்துல அல்லேலூயா பாடக் கூடாதுன்னு சின்னப் பிள்ளையிலயே என் தலையில கொட்டுனவன் நீ. ஈஸ்டர் வரைக்கும் அந்த வார்த்தைய வீட்டுல யாரும் சொல்லவே விட மாட்ட. அதான் உன் வீட்டு வாசல்ல நின்னு, பூசை முடிஞ்சு சனம் போறப்ப, தொண்டை கிழிய அல்லேலூயா பாடுனேன். சுதியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. விக்டோரியா அத்தை செலுவ போட்டுக்கிட்டு ஓடுச்சு. எனக்குச் சிரிப்புச் சிரிப்பா வந்துச்சு. நீ உள்ள இருந்து ஓடி வந்த. மூஞ்சியெல்லாம் செவந்து போயி, "ஏய்"னு கத்த வாயத் திறந்த.

காத்துதான் வந்துச்சு.

சைக்கிள் ட்யூப்ல காத்து எறங்குற மாதிரி ஒரு சத்தம். நீ மறுபடியும் கத்திப் பாத்த. கழுத்து நரம்பெல்லாம் பொடைக்குது, சத்தம் வல்ல. அதுக்கப்புறம் இருமல். படியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்ட. நான் தண்ணி எடுக்க உள்ள போயிட்டு வாரதுக்குள்ள எந்திரிச்சுப் போயி ரூம் கதவச் சாத்திக்கிட்ட. எம்புட்டு நேரம் தட்டுனேன். கடைசி பஸ் போயிரும்னு வந்துட்டேன்.

அண்ணே, நீ ஒறுத்தல்லாம் ஒண்ணும் பண்ணல. உனக்குக் குரலே இல்ல. எப்ப இருந்து? யார்ட்டயும் காட்டுனியா? பேசாம இருக்குறவனுக்கும் பேச முடியாதவனுக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டத்துக்கு நடுவுல போயி ஒளிஞ்சுக்கிட்டியே.

திட்டல. உடனே பதில் போடு. இல்லன்னா வியாழக்கிழமை வந்து கதவ ஒடைப்பேன்.

ஜாய்ஸ்


டி. கல்லுப்பட்டி
26 மார்ச் 2025

ஜாய்ஸ்,

கதவை உடைக்காதே. வாடகை வீடு.

கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சியின்போதே கரகரப்பு தொடங்கிவிட்டது. பனி என்று நினைத்தேன். பொங்கலுக்குப் பிறகு பாதி வார்த்தைகள் காணாமல் போயின. விபூதிப் புதனன்று காலையில் வெறும் மூச்சுதான் வந்தது. கோயில் வாசலில் விக்டோரியா அத்தை ஏதோ கேட்டார்கள். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அவர்களே, "தவக்காலத்துக்கு மௌனமா தம்பி? தங்கச்சிக்காகவா?" என்றார்கள். தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. மறுநாள் ஃபாதர் மறையுரையில் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார். பிறகு எப்படி மறுப்பது, எந்தக் குரலில் மறுப்பது?

அப்பாவுக்கு எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது விடுதியில் இருந்தாய். பேருந்தில் "உள்ள போ, உள்ள போ" என்று சொல்லிக்கொண்டிருந்த கண்டக்டர் இன்னாசிமுத்துவின் குரல் ஒரு கார்த்திகை மாதம் கம்மியது. மிளகு போட்டுப் பால் குடித்தார். தொண்டையில் புற்று என்று தெரிந்தபோது அடுத்த கார்த்திகை அவருக்கு இல்லை என்றார்கள். அப்படியே ஆயிற்று. பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவன் நான். எனக்கும் அதேதான் என்று எந்த டாக்டரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொல்லாத வரைக்கும் வேலைக்குப் போகிறேன், உனக்குப் பணம் அனுப்புகிறேன். சொல்லிவிட்டால் படுக்கை.

நீ ஒரு படிப்பில் சேர்வதைப் பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். அவசரம் ஏன் என்று கேட்டாயே, இதுதான்.

இதை எழுதியதும் பாரம் குறையும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை. உன் முகம்தான் கண்ணில் நிற்கிறது.

ஆல்பின்


பழங்காநத்தம்
28 மார்ச் 2025

அண்ணே,

இங்க எழுத்து கலைஞ்சிருக்குறதப் பாத்து நான் அழுதேன்னு நெனைக்காத. மழ. மார்ச் மாசம் ஏது மழைன்னு கேக்காத.

நீ படிச்ச மனுசனா? பிள்ளைகளுக்கு "கேட்டுத் தெரிந்துகொள்"னு போர்டுல எழுதிப் போடுற வாத்தியாரா? அப்பாவுக்கு வந்துச்சுன்னா உனக்கும் வந்துரணுமா, அது என்ன சொத்தா? அப்பா பீடி குடிச்சாரு. நீ டீயே ஆற வச்சுக் குடிக்கிற ஆளு. பாக்காமலே தீர்ப்பு எழுதிக்கிட்டு, அதுல எனக்கு ஒரு பட்டத்த வேற சேத்து எழுதிக்கிட்டு.

நீ செத்துப் போயிட்டா நான் அந்தப் பட்டத்த வச்சு என்னத்தப் பண்ண? ஃப்ரேம் போட்டு உன் போட்டோவுக்குப் பக்கத்துல மாட்டவா?

எனக்கு ஒரு தொண்டை டாக்டரம்மாவத் தெரியும். அவங்க கிளினிக்ல இருந்துதான் தெனம் சாம்பிள் எடுக்குறேன். கேட்டுட்டேன். 3ஆம் தேதி வியாழக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லிட்டாங்க. நீ மத்தியானம் லீவு போட்டுட்டுக் கெளம்பு. பழங்காநத்தம் ஸ்டாப்புல வண்டியோட நிப்பேன். நீ எறங்கலைன்னா அடுத்த பஸ்ல ஏறி கல்லுப்பட்டிக்கு வந்துருவேன். வந்து அல்லேலூயா பாடுவேன். இந்தத் தடவ கோயிலுக்குள்ள நின்னு.

எறங்குண்ணே. எனக்காக எறங்கு.

ஜாய்ஸ்


பழங்காநத்தம்
5 ஏப்ரல் 2025, சனி

அண்ணே,

நல்லா உக்காந்துக்க. மெதுவாப் படி. நேர்ல சொல்லலாம்னா நீ பரீச்சை டூட்டி இருக்குன்னு அன்னைக்கே ஓடிட்ட.

மொதல்ல: புத்து இல்ல. இல்லவே இல்ல. டாக்டரம்மா உன் மூக்கு வழியா கேமராவ விட்டுப் பாத்தப்ப நான் பக்கத்துல நின்னு திரையப் பாத்தேன். தொண்டை செவசெவன்னு பச்சப்பிள்ளை தொண்டை மாதிரி இருக்கு. ஒரே ஒரு கோளாறு. பேசுறதுக்கு ரெண்டு சவ்வு இருக்கு, வலது பக்கத்துது ஆடுது, இடது பக்கத்துது அசையாம நிக்குது. அதான் "தொண்டையில ஒண்ணும் இல்ல, நெஞ்சப் பாருங்க"ன்னு எக்கோ ஸ்கேனுக்கு அனுப்புனாங்க. நீ என்னமோ டாக்டரு மழுப்புறாங்கன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே பஸ் ஏறுன.

நேத்து எக்கோ ரிப்போர்ட்ட எடுத்துக்கிட்டு பெரியாஸ்பத்திரில நெஞ்சு டாக்டரப் பாத்தேன். அவரு ஒரு சீட்டுப் பின்னாடி படம் போட்டுச் சொன்னாரு. எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

இதயத்துல இருந்து ரெண்டு பெரிய குழாய் கெளம்புது. ஒண்ணு உடம்புக்கு, ஒண்ணு நுரையீரலுக்கு. நாம அம்மா வயித்துல இருக்கப்ப மூச்சு விடறதில்ல, நுரையீரலுக்கு வேலை இல்ல. அதனால அந்த ரெண்டு குழாய்க்கும் நடுவுல ஒரு குட்டிக் குழாய், குறுக்கு வழி மாதிரி, எல்லாப் பிள்ளைக்கும் இருக்குமாம். பெறந்து அழுதா, மூச்சு இழுத்தா, அது தானா மூடிக்கிரும். உனக்கு மூடல. நீ பெறந்த அன்னைல இருந்து தெறந்தே கெடக்கு. உடம்புக்குப் போற ரத்தத்துல ஒரு பங்கு அந்த வழியாத் திரும்பி நுரையீரலுக்கே பாயுது. முப்பது வருசமாப் பாஞ்சு பாஞ்சு, நுரையீரலுக்குப் போற அந்தப் பெரிய குழாய் வீங்கிப் போச்சு. நீ மாடி ஏறுனா இளைச்சது அதுனாலதான். சுண்ணாம்புத் தூசியாம், தூசி!

சரி, குரல் ஏன் போச்சுன்னு கேட்டேன். குரலுக்குப் போற நரம்பு மண்டையில இருந்து நேரா தொண்டைக்குப் போகாதாம். இடது பக்கத்து நரம்பு தொண்டையத் தாண்டி நெஞ்சுக்குள்ள எறங்கி, அந்தக் குழாய்களுக்கு அடியில வளைஞ்சு, மறுபடி மேல ஏறி வருதாம். வீங்குன குழாய் அத நசுக்கிருச்சு. இம்புட்டுத் தூரம் சுத்திட்டா நீ பாஸ்கா புகழுரை பாடிக்கிட்டு இருந்த! சாமி எதுக்கு இப்பிடி வளைச்சு விட்டாருன்னு ஃபாதர்ட்ட கேட்டு வையி.

இப்ப நிக்கிறது ஒரே கேள்வி. அந்தக் குட்டிக் குழாய அடைக்கலாம். நெஞ்சத் திறக்க வேண்டாம், தொடையில ஒரு சின்ன ஓட்டை போட்டு ரத்தக் குழாய் வழியாவே கம்பிய விட்டு ஒரு அடைப்பான வச்சுருவாங்க. ஆனா நுரையீரல்ல இருக்குற சின்னக் குழாயெல்லாம் இத்தனை வருசம் அந்த வேகத்தத் தாங்கித் தாங்கி இறுகிப் போயிருந்தா அடைக்கக் கூடாது. அடைச்சா ஆபத்து. இறுகிருச்சா இல்லையான்னு உள்ள கம்பி விட்டு அழுத்தம் பாத்தாத்தான் தெரியும். தள்ளிப் போடப் போட இறுகும். "சீக்கிரம் கூட்டிட்டு வாம்மா"ன்னாரு.

எப்ப வார?

ஜாய்ஸ்


டி. கல்லுப்பட்டி
8 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜாய்ஸ்,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் படித்தேன். "புத்து இல்ல" என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். வெகுநேரம் அதற்குக் கீழே போகவில்லை. தமிழ்வாணி டீச்சர் வந்து, "என்ன சார், தலை சுத்துதா?" என்றார். இல்லை என்று கையை ஆட்டினேன். சிரித்தேனாம். அவரே சொன்னார்.

மீதியை வீட்டில் வந்து படித்தேன்.

இப்போது வேறொரு பயம். அழுத்தம் பார்த்து, இறுகிவிட்டது, மூட முடியாது என்று சொல்லிவிட்டால்? அப்பாவைப் போல இல்லை, மெதுவாகத்தான் போவேன். இருந்தாலும் தெரிந்துகொண்டு நாளைக் கடத்துவது வேறு, தெரியாமல் கடத்துவது வேறு. நேற்றிரவு நன்றாகத் தூங்கினேன் ஜாய்ஸ். அதைக் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ளலாமா என்று இருக்கிறது.

அதோடு, பரிசுத்த வாரம் வருகிறது. பாஸ்கா புகழுரைக்கு நான் பாடுவேன் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால் என்ன சொல்வது? பள்ளியில் விடைத்தாள் திருத்தும் வேலையும் இருக்கிறது. மே மாதம் லீவில் வருகிறேன். நீ கோபப்படாதே.

ஆல்பின்


பழங்காநத்தம்
10 ஏப்ரல் 2025

அண்ணே,

கோவப்படல. கோவப்பட்டுப் பட்டு அலுத்துப் போச்சு.

மே மாசமாம். நுரையீரலுக்குப் போயி, "இந்தா பாரு, எங்கண்ணன் பேப்பர் திருத்தணும், அதுவரைக்கும் இறுகாம இரு"ன்னு சொல்லிட்டு வா.

நேத்து எங்க லேப் சிவபாண்டி கேட்டான், "ஏன்க்கா, உங்கண்ணன் உங்கள காலேஜுக்கு அனுப்ப மௌனம் இருக்காரு, நீங்க அவர ஆஸ்பத்திரிக்கு அனுப்ப என்ன பண்ணப் போறீங்க?"ன்னு. யோசிச்சேன். எங்கிட்ட இருக்குறது ஒண்ணுதான்.

சரி. நான் போறேன். ஜூன் மாசம் காலேஜுல சேர்றேன். இன்ஜினியரிங்கே சேர்றேன். அந்தக் கட்டடத்துக்குள்ளயே போயி உக்காருறேன். நாலு அரியரையும் எழுதுறேன். நீ இந்த வாரமே வந்து அட்மிட் ஆகு. நீ ஆஸ்பத்திரி, நான் காலேஜு. கைய அடிச்சுக்கிருவோம்.

இத எழுதுறப்பவே எனக்கு மூச்சு முட்டுது. பரவால்ல. உனக்கு முப்பது வருசமா முட்டுதே.

ஜாய்ஸ்


டி. கல்லுப்பட்டி
13 ஏப்ரல் 2025, குருத்து ஞாயிறு

ஜாய்ஸ்,

கையை அடிக்க மாட்டேன்.

உன் கடிதத்தைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. நான் செய்யாத ஒறுத்தலைக் கேட்டு நீ மிரட்டல் என்றாய். அது சரிதான். இப்போது நீயே உன்னைப் பணயம் வைக்கிறாய். அந்தக் கட்டடத்துக்குள் உன்னை அடைத்துத்தான் என் குழாயை அடைக்க வேண்டும் என்றால், எனக்கு அது வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வருகிறேன், அவ்வளவுதான்.

இன்று காலை பூசைக்கு முன்பு ஃபாதரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "இது ஒறுத்தல் அல்ல, நோய். என் தங்கைக்காக நான் எதையும் விடவில்லை. பாஸ்கா புகழுரைக்கு வேறு ஆளைப் பாருங்கள்." அவர் இரண்டு முறை படித்தார். "என்ன வாத்தியாரே, போன வாரம்கூட உங்கள உதாரணம் சொல்லி ரெண்டு பேரக் குடிய விட வச்சேனே!" என்றார். பிறகு என் தோளில் கை போட்டு, "அவனுங்ககிட்ட இப்ப சொல்ல வேணாம்" என்றார்.

விக்டோரியா அத்தையிடமும் நானே காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்கள். "அப்ப நான்தான் உன் வாயில வார்த்தையப் போட்டேனா?" என்றார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். குருத்தோலையால் என் தலையில் ஓர் அடி வைத்தார்கள். சாயங்காலம் கஞ்சியும் துவையலும் வீட்டுக்கு வந்தன.

செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ். நாளை தபால் விடுமுறை, அதனால் மகள் வீட்டுக்குப் போகும் அத்தையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஆல்பின்


பெரியாஸ்பத்திரி, உள்ளே
15 ஏப்ரல் 2025, மாலை

ஜாய்ஸ்,

உன்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். இந்தச் சீட்டை ஆயாம்மா கொண்டு வருவார். நாளைக் காலையில்தான் கம்பி விடுவார்கள்.

நான் இங்கே பெரிய ஆளாகிவிட்டேன். பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும் சத்தம் என் நெஞ்சில் அப்படியே கேட்கிறதாம். பெரிய டாக்டர் சொன்னதும் மாணவர்கள் வரிசை கட்டிவிட்டார்கள். ஒவ்வொருவராக வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக் கேட்கிறார்கள். ஒரு பெண் கேட்டுவிட்டு, "சார், மோட்டார் ஓடுற மாதிரி இருக்கு" என்றாள். எனக்கும் மாட்டிவிட்டாள். கேட்டேன். நிற்காமல் ஓடுகிறது. சிறு வயதில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் ஓர் இரைச்சல் கேட்கும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்து யாரிடமும் சொன்னதில்லை.

அழுத்தம் இறங்காவிட்டால் ஒன்றும் செய்யாமல் கம்பியை எடுத்துவிடுவார்கள். அப்படி நடந்தால் டாக்டரைத் திட்டாதே. உன் வாய் எனக்குத் தெரியும்.

சாப்பிட்டாயா? வெளியே வாங்கும் இட்லிக்குச் சட்னி வாங்காதே. பொடி வாங்கிக்கொள்.

ஆல்பின்


பெரியாஸ்பத்திரி, வராண்டா
16 ஏப்ரல் 2025

அண்ணே,

உன்னைய உள்ள தள்ளிட்டுப் போயிட்டாங்க. கதவுக்கு வெளிய தரையில உக்காந்து எழுதுறேன். மணி பாக்கக் கூடாதுன்னு போனைப் பைக்குள்ள போட்டுட்டேன். பக்கத்துல திருமங்கலத்துக்காரர் ஒருத்தரு, நல்லகாமன்னு பேரு, மகளுக்குப் பாக்க வந்திருக்காரு. "யாரும்மா உள்ள?"ன்னாரு. "அண்ணன்"னேன். "வேற யாரும் வல்லையா?" "வேற யாரும் இல்ல." அதச் சொன்னதுக்கப்புறந்தான் அது எம்புட்டுப் பெரிய வார்த்தைன்னு தெரிஞ்சுச்சு.

நேத்து சட்னி வாங்குனேன். நல்லாத்தான் இருந்துச்சு.

கதவு திறந்துச்சு, வேற யாரோ. மறுபடி மூடிருச்சு.

உள்ள இப்ப என்ன பண்ணுவாங்கன்னு டாக்டர் காலையில சொன்னாரு. மொதல்ல அழுத்தத்த அளப்பாங்க. அப்புறம் பலூன் மாதிரி ஒண்ண ஊதி அந்தக் குட்டிக் குழாய சும்மா கொஞ்ச நேரம் அடைச்சுப் பாப்பாங்க. நுரையீரல் பக்கம் அழுத்தம் எறங்குச்சுன்னா அடைப்பான வச்சுருவாங்க. எறங்கலைன்னா

அண்ணே! டாக்டர் வெளிய வந்துட்டாரு. மூஞ்சியில மாஸ்க்கு, ஒண்ணும் தெரியல. நான் எழுதுறதக் கீழ வச்சுட்டு அண்ணாந்து பாத்தேன். அவரே குனிஞ்சு சொன்னாரு. எறங்கிருச்சாம். அம்புட்டும் எறங்கலையாம், ஆனா போதுமாம். அடைச்சுட்டாங்க. இன்னும் இறுகலையாம்ண்ணே. "சரியான நேரத்துல கூட்டிட்டு வந்தம்மா, மாத்திரை கொஞ்ச நாள் சாப்பிடணும்"னாரு. நான் பதிலுக்கு அல்லேலூயான்னுட்டேன். தெரியாம வந்துருச்சு. இன்னும் ஈஸ்டர் வல்லன்னு எனக்குத் தெரியும். அவரு என்ன நெனைச்சாரோ, "ஆமா ஆமா"ன்னுட்டுப் போயிட்டாரு.

நல்லகாமன் அண்ணன் எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. அவரு மகளுக்கும் நல்லபடியா முடியணும்.

கண்ணு முழிச்சதும் இத சிஸ்டர் உங்கிட்ட குடுப்பாங்க. காலை நீட்டி அசையாம படு. பேசணும்னு முயற்சி பண்ணாத. நான் இங்கதான் இருக்கேன்.

ஜாய்ஸ்


டி. கல்லுப்பட்டி
6 மே 2025

அன்புள்ள ஜாய்ஸ்,

போனை அலமாரியில் இருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டேன். ஆனாலும் எழுதுகிறேன். போனில் என் குரல் உனக்குக் கேட்காது. பக்கத்தில் நின்றால்தான் கொஞ்சம் கேட்கிறது. மெல்லிய, கிழிந்த குரல். நரம்பு தேறலாம், தேறாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய். பள்ளியில் பேசினேன். ஜூனில் எனக்கு ஒரு மைக் வாங்கித் தருகிறார்களாம், சட்டையில் மாட்டிக்கொள்வது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். இந்தத் தடவை பாஸ்கா புகழுரையைக் கோயில் உபதேசியார் பாடினாராம். நடுவில் இரண்டு வரி விட்டுவிட்டாராம். அதைச் சொல்ல ஆறு பேர் வீடு தேடி வந்தார்கள்.

நேற்று கோயில் மணிக்கூண்டின் படிகளில் ஏறிப் பார்த்தேன். யாரிடமும் சொல்லாமல். பாதியில் உட்காருவேன் என்று எதிர்பார்த்துக்கொண்டே ஏறினேன். உட்காரவில்லை. மேலே நின்று வயல்களைப் பார்த்தேன். பயந்துவிடாதே, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார்.

இரவில் இடது பக்கம் படுத்துப் பார்க்கிறேன். அந்த இரைச்சல் இல்லை.

உன் படிப்பைப் பற்றி. ஜூனில் சேர வேண்டும் என்று நான் கேட்டது, ஜூலையில் நான் இருப்பேனா என்ற கணக்கில். அந்தக் கணக்கு இப்போது இல்லை. அதனால் கேட்பதை நிறுத்திவிட்டேன் என்று நினைக்காதே. நீ படிக்கத்தான் வேண்டும். நீ வேண்டாம் என்பாய். நான் வேண்டும் என்பேன். அடுத்த வருடமும் சொல்வேன், அதற்கடுத்த வருடமும் சொல்வேன். உனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும், பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்வேன். ஓர் அவசரமும் இல்லை. நிதானமாகச் சண்டை போடலாம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா? விக்டோரியா அத்தை ஒரு கோழியை உனக்காக வைத்திருக்கிறார்கள்.

அண்ணன்,
ஆல்பின்


பழங்காநத்தம்
9 மே 2025, வெள்ளி

அண்ணே,

மணிக்கூண்டுல ஏறுனியா! யாரக் கேட்டு ஏறுன? தவறி விழுந்திருந்தா யாருக்குத் தெரியும்? வந்து வச்சுக்கிறேன்.

காலேஜு விஷயம்: மாட்டேன். இந்த வருசமும் மாட்டேன், நீ சொல்ற எந்த வருசமும் மாட்டேன். பிள்ளைய வேற இழுக்குற. அதுக்கு மொதல்ல உனக்குப் பொண்ணு பாக்கணும். தமிழ்வாணி டீச்சர் உனக்காக எதுக்கு இத்தனை நாளு செய்யுள் வாசிச்சாங்கன்னு நான் இன்னும் கேக்கவே இல்ல, ஞாபகம் வச்சுக்க. எங்கிட்டயும் நெறைய இருக்கு சண்டைக்கு.

ஞாயித்துக்கிழமை வாரேன். பஸ்ஸ விட்டு எறங்குனதுமே ஆரம்பிச்சுருவேன். மைக்கெல்லாம் வேணாம், நான் பக்கத்துலயே நின்னு கேக்குறேன். நீ மூச்சு வாங்காம பதில் சொல்லு, போதும்.

ஜாய்ஸ்